பழைய ஜீப், பிக்கப் வண்டிகளின் தகட்டு வேலை

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போரேறிய பின், மாசி முதல் மேட்டூர் அணை வழக்கமாய்த் திறக்கப்படும் ஜூன் 12ந் தேதி வரையில் குடவாசல் பக்கத்துக் குடியானவர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. கொட்டகையில் துருவேறி நிற்கும் பழைய வண்டியைப் பழுது பார்க்க வருஷத்தில் இதனினும் ஏற்ற காலமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கினால், ஒருபுறம் சுரண்டி முடிப்பதற்குள் மறுபுறம் துரு பூத்துவிடும்.

மஹிந்திரா நிறுவனத்தார் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். அவ்வழியில் வந்த ஜீப்புகளும் பிக்கப்புகளும் வீட்டு வேலைக்கு இசைந்தவை. எஞ்ஜினையும் சக்கரங்களையும் அடியிலுள்ள கனத்த இரும்புச் சட்டமே தாங்குகிறது; மேற்கூடு அதன்மேல் போல்டால் முடுக்கப்பட்டது. தகடுகளும் பெரும்பாலும் தட்டையானவை. ஆயினும் முதலில் சோதிக்க வேண்டியது சட்டத்தையே. சுத்தியலால் தட்டிப் பார்க்கையில் கணீரென்று ஒலித்தால் நலம். மொத்தென்று ஒலித்தாலும் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தாலும், அது கைதேர்ந்த பட்டறைக்காரரின் வேலை. சட்டம் அரித்த வண்டிக்குத் தகடு மாற்றுவது வீண் செலவு.

டெல்டாவில் துரு விரைவில் ஏறுவதற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60ஐத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருவேறும். இங்கோ வருஷத்தின் பெரும்பகுதி அதற்கு மேற்பட்டே நிற்கிறது. அதனினும் கொடியவை உரமூட்டைகள். பொட்டாஷ் உரம் ஒருவகை உப்பேயாகும். அம்மோனியம் சல்பேட்டோ ஈரத்தில் அமிலத் தன்மை கொள்வது. மூட்டையிலிருந்து சிந்தியது தட்டின் மூலையில் தங்கிக் காற்றிலுள்ள நீரை உறிஞ்சி, இரவும் பகலும் தகட்டைத் தின்கிறது. அதன்மேல் ஈர வைக்கோலும் அடைந்துவிட்டால் கேட்க வேண்டுவதில்லை. யுத்தகால ஜீப்புகளில் தரைத் தகட்டின் அடியிலுள்ள வளைகாலுக்குள் மரக்கட்டை செருகியிருந்தது. அது நீரைக் குடித்து இரும்பை உள்ளிருந்தே அரித்தது. ஆகவே துருவை மேலே தேடுவதில் பயனில்லை. மடிப்பிலும், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலும் தேடுதல் வேண்டும்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்துவிடுவது பரவலான வழக்கம். செலவு குறைவுதான், ஆனால் பட்டி ஈரத்தை இழுத்து அடியில் வைத்துக்கொள்ளும். இரண்டொரு மழைக்காலத்தில் கையகல ஓட்டை முழங்கையகலம் ஆகிவிடும். பட்டி மேடுபள்ளத்தை நிரவுவதற்கேயன்றி ஓட்டையை அடைப்பதற்கன்று.

பற்றவைக்கத் தொடங்குமுன் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். இப்பழைய ஜீப்புகளில் பெட்ரோல் டாங்கி ஓட்டுநரின் ஆசனத்தின் அடியிலேயே, தரை அரிக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது. டாங்கி காலியாயிருக்கிறது என்று துணிந்து அருகில் நெருப்பை வைப்போர் அறிய வேண்டியது ஒன்று: நிறைந்த டாங்கியைவிட ஆவி மாத்திரம் தங்கிய காலி டாங்கியே அதிக அபாயமானது. அதைக் கழற்றி வெகுதூரம் அப்புறப்படுத்துக. பாட்டரி இணைப்பையும் கழற்றுக. வைக்கோற்போர் உள்ள களத்தில் இவ்வேலை கூடவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாமாகையால், உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்த்து, மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொள்ளுதல் அவசியம், குழந்தைகள் அண்டலாகாது.

அரித்த பாகத்தை, பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும் வரையில் வெட்டியெறிய வேண்டும். இங்கே சிக்கனம் பார்ப்பவரே மறுவருஷமும் வெட்டுகிறார். பழைய தகட்டின் கனத்துக்கு ஒத்த தகட்டை (18 கேஜ் எனில் சுமார் 1.2 மில்லிமீட்டர்) அட்டையில் அளவெடுத்து வெட்டிப் பொருத்துக. நாகத்தகடு மலிவென்று அதைப் பற்றவைத்தால், துத்தநாகப் புகையால் குளிர்காய்ச்சல் காணும். சாதாரணக் கரண்ட் வெல்டிங் மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும், சி.ஓ.டூ வெல்டிங் உத்தமம். ஒரே மூச்சில் கோடிழுப்பதுபோல் பற்றவைத்தால் தகடு அப்பளமாய் நெளியும். இங்கொரு புள்ளி, எதிர்க்கோடியில் ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடியும் ஒன்று என்று இட்டு வருதலே முறை. நசுங்கிய இடங்களை நிமிர்த்துகையில் பின்புறம் அணைப்பு இரும்பு வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்டுக. கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளர் தட்டும் விதத்தைச் சிறிது நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, பின் எவ்விதத்தும் அடங்காது.

முடித்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசுக. இரவுப் பனி பட்டால் அதன்மேல் பூசியது நில்லாது. மடிப்புகளின் உட்புறம் மெழுகுக் குழம்பைத் தெளிப்பது, மேற்பூச்சின் பளபளப்பைவிடப் பன்மடங்கு பயனுள்ளது.

வேலையின்போது சட்டத்திலுள்ள சேஸிஸ் எண்ணைத் தேய்த்தழித்துவிடாமல் காத்தல் வேண்டும். முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுக்குப் பழம்பெரும் வண்டியெனப் பதிவு கிடைக்கும். ஆனால் சட்டமும் கூடும் எஞ்ஜினும் பெரிதும் மாறாமல் அசல் வடிவில் இருத்தல் வேண்டும். கூட்டை நீட்டியும் உயர்த்தியும் மாற்றியவர் அவ்வுரிமையை இழப்பர். அப்படிப் பதிந்த வண்டியை வாடகைக்கோ அன்றாடப் போக்குவரத்துக்கோ ஓட்டவும் கூடாது. நெல்மூட்டை ஏற்ற விரும்புவோர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது தகும். இவ்விஷயத்தில் கிராம அலுவலர்கள் விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தால் பல நடைகள் மிஞ்சும்.

பழுது நீங்கிய தட்டின் மூலைகளில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று மாதம் ஒருமுறை கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். உரம் ஏற்றும் நாளில் கனத்த தார்ப்பாய் விரித்து, இறக்கியவுடன் நல்ல நீரால் கழுவி, பின்கதவைத் திறந்து வெயிலில் நிறுத்துக.