பழைய பெயரா, இலவசப் படிப்பா?



சென்ற வாரம் நம் சங்க உறுப்பினர் ஒருவர் மண்டிக்கு வந்தார். மிளகாய் விலை கேட்க வந்தவர், அதைப் பேசாமலே உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கேயே பிறந்த பேத்திக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று நூறாண்டு கண்ட கல்லூரி. மற்றொன்று புதிதாகத் தொடங்கியது. ஆனால் கல்விக் கட்டணமே இல்லை. "அண்ணாச்சி, பழைய கல்லூரியில் சேர்க்க ஊரில் உள்ள குடோனை விற்றுத் தருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?" என்று கேட்டார்.

நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். மருத்துவம் தெரியாது. ஆனால் பழைய கடைக்கும் புதுக் கடைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் செலவுக் கணக்கு. அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் மருத்துவம். அது 4 ஆண்டுகள். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். கடன் வாங்கிப் படித்தவர்களை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் கடன் சுமார் 2 லட்சம் டாலர். 8 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 16,000 டாலர். படித்து முடித்ததும் பெரிய சம்பளம் வந்துவிடாது. துறைக்கு ஏற்ப 3 முதல் 7 ஆண்டுகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு வட்டிக்கே சரியாகிவிடும். மேலும் 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு உண்டு. மீதிக்குத் தனியார் வங்கியை நாட வேண்டும்.

இனி இலவசம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அசலை வைத்து வருமானத்தில் நடத்தும் தர்மம். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-ல் எல்லா மாணவருக்கும் கட்டணத்தை நீக்கியது. அதே நகரின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு 2024-ல் ரூத் காட்ஸ்மேன் என்ற அம்மையார் 100 கோடி டாலர் கொடுத்தார். அங்கும் கட்டணம் இல்லை. இவை இரண்டும் பழைய கல்லூரிகள். ஆகவே பழையது என்றாலே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை.

மற்றது திறப்பு விழாச் சலுகை. கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே நிறுவனம் 2020-ல் தொடங்கிய கல்லூரியில், 2024 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் முழு விலக்கு. ஆர்கன்சாவில் பென்டன்வில் ஊரில் 2025 ஜூலையில் 48 மாணவருடன் தொடங்கிய கல்லூரியில், முதல் ஐந்து அணிகளுக்குக் கட்டணம் இல்லை. அதைத் தொடங்கியவர் ஆலிஸ் வால்டன். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் மகள். அந்த ஊரில்தான் 1950-ல் சாம் வால்டன் சிறிய கடை ஒன்றைத் திறந்தார். வால்மார்ட் என்றால் நமக்கு ஆகாதுதான். ஆனாலும் கடைக்காரர் வீட்டுப் பணம் கல்லூரியாவதைக் குறை சொல்ல மாட்டோம்.

புதுக் கல்லூரி ஏன் சும்மா கொடுக்கிறது? பெயர் இல்லாத கடைக்கு முதல் வாடிக்கையாளர் வர வேண்டும். நல்ல மாணவர்கள் வந்து நன்றாகத் தேறினால் அதுவே விளம்பரம். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும். முன்பு ஒரு புதுப் பருப்பு மில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தது. பழைய மில்லை விட்டு அங்கே போனோம். மூன்றே மாதத்தில் தரம் இறங்கியது. பழைய மில்லில் இருந்த கடன் வசதியும் போயிற்று. அதற்காகப் பழைய பெயர் எல்லாம் தங்கம் என்றும் சொல்ல மாட்டோம். பெயரை மட்டும் விற்றுக் காலம் தள்ளும் கடைகளையும் பார்த்திருக்கிறோம்.

எனவே கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, அங்கீகாரம். அமெரிக்காவில் இது மூன்று படி: தொடக்க அங்கீகாரம், இடைக்கால அங்கீகாரம், முழு அங்கீகாரம். முதல் அணி கடைசி ஆண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரம் கிடைக்கும். எனவே புதுக் கல்லூரிக்கு அது இல்லாதது குற்றமல்ல. எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு, மருத்துவமனை. கடைசி இரண்டு ஆண்டுகள் நோயாளிகளிடம்தான் படிப்பு. எந்த மருத்துவமனை, ஒப்பந்தம் ஆகிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

மூன்று, பயிற்சி இடம். 2022 ஜனவரி முதல் உரிமத் தேர்வின் முதல் பகுதியில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி மட்டுமே. ஆகவே இரண்டாம் பகுதி மதிப்பெண்ணும் பேராசிரியர் பரிந்துரையும் முக்கியம். தோல் மருத்துவம், மூளை அறுவை போன்ற போட்டி மிகுந்த துறைகளுக்குப் பழைய கல்லூரியின் ஆராய்ச்சி வசதியும் முன்னாள் மாணவர் தொடர்பும் கை கொடுக்கும். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் அந்த வேறுபாடு குறைவு.

நான்கு, இலவசம் முழு 4 ஆண்டுக்கும் எழுத்தில் உள்ளதா? வாடகை, சாப்பாடு, காப்பீடு யார் செலவு? கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல.

இவற்றை உறுப்பினரிடம் சொல்லி, பேத்திக்கு என்ன ஆசை என்று கேட்டோம். குழந்தை மருத்துவராக வேண்டுமாம். "அப்படியானால் நான்கு கேள்விக்கும் பதில் வாங்கச் சொல்லுங்கள். பதில் சரியாக இருந்தால் புதுக் கல்லூரியே போதும். பதில் வரும்வரை குடோன் பத்திரத்தைத் தொட வேண்டாம்" என்றோம். அங்கே ஏப்ரல் 30-க்குள் ஒரே இடத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அன்றிரவே மகனிடம் பேசுவதாகச் சொல்லிப் போனார்.

கடனில் வாங்கிய பெயருக்கு வட்டி உண்டு. இலவசமாக வந்த சரக்குக்கும் எடை பார்க்க வேண்டும். முடிவு பிள்ளைகளுடையது. கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டுவது நம் கடமை.