உங்களுக்குத் தெரியுமா? 50 சதவீதம் 4 ஆன கதை

பாகூரிலோ வில்லியனூரிலோ யாராவது 1990-களில் எடுத்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருந்தால், அதை இன்றைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். சரியான உருவமுள்ள விந்தணுக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 1987-இல் வைத்த கீழ்வரம்பு 50 சதவீதம், 1992-இல் 30, 2010-இல் வெறும் 4!

ஆண்மை குறைந்துவிட்டது என்று இதை வைத்து மட்டும் சொல்வது அபத்தம். கணக்கெடுப்புதான் கறாராகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க்கில் உருவான முறைப்படி, சாயமேற்றிய ஸ்லைடில் விந்தணுவின் தலை வழவழப்பான நீள்வட்டமாக இருக்க வேண்டும். கழுத்திலும் வாலிலும் கோணல் கூடாது. லேசாகச் சந்தேகம் வந்தாலும் 'குறை' கணக்கில்தான் சேரும்.

பழைய ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டும்போது, எந்த ஆண்டு, எந்த லேப் என்பதையும் சொல்லுங்கள்.