இறந்த நாயகிகளின் தரப்பு

எட்கர் ஆலன் போவின் கதைகளில் பெண்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரெனிஸ், மொரெல்லா, லிஜீயா, மேடலின் அஷர். கதையைச் சொல்பவன் மட்டும் பிழைத்திருக்கும் ஆண். அழகிய பெண்ணின் மரணத்தைவிடக் கவிதைக்கு உகந்த பொருள் இல்லை என்று 1846-இல் போவே எழுதினார். மூன்று வயது நிறையுமுன் தாயை இழந்தவர்; 1847-இல் மனைவி வர்ஜீனியாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் மெய்யானது. ஆனால் செத்தவளுக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும் அல்லவா?

உயிரோடிருந்து வாய் திறந்த பெண்களில் ஒருவர் போவைக் காக்கவே பேசினார். ப்ராவிடன்ஸ் நகரக் கவிஞர் சாரா ஹெலன் விட்மனுக்கும் போவுக்கும் 1848-இல் திருமணம் நிச்சயமாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் முறிந்துபோனது. குடியை விடுவதாகக் கொடுத்த வாக்கை போ மீறியதும் ஒரு காரணம். மறு ஆண்டு போ இறந்ததும், தொகுப்பாசிரியர் ரூஃபஸ் க்ரிஸ்வோல்ட் அவரை ஒழுக்கங்கெட்டவராகச் சித்திரித்து எழுதினார். ஊரும் நம்பியது. மனம் கசந்து பிரிந்த ஒருத்தி அதோடு சேர்ந்து கொள்வது எளிது. விட்மன் சேரவில்லை. 1860-இல் 'எட்கர் போவும் அவருடைய விமர்சகர்களும்' என்ற சிறு நூலை வெளியிட்டார். போவின் இருண்ட எழுத்தை, நம்பிக்கை ஆட்டங்கண்ட ஒரு காலத்தின் குரலாக அதில் படித்தார். பிறகு இங்கிலாந்தில் போவின் வரலாற்றை எழுத முனைந்த ஜான் இங்க்ரமுக்குக் கடிதங்களும் தகவல்களும் கொடுத்து உதவினார். இவ்வளவு செய்தவரை இன்றும் பலர் 'போவின் காதலி' என்று ஒரே வரியில் கடந்து விடுவது எனக்கு ஆறவில்லை.

1933-இல் ஃப்ராய்டின் முன்னுரையோடு வந்த நூலில் உளப்பகுப்பாய்வாளர் மாரி போனபார்ட், போவின் நாயகிகளிடமெல்லாம் இறந்த தாயையே கண்டார். ஒரே சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்க்கும் வாசிப்பு அது. தாய் அங்கேயும் பிணம்தான்.

அந்தத் தாயை எழுப்பி நடக்க வைத்தவர் ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர். போவின் தாய் எலிசபெத் போ ஊர் ஊராகப் போய் நடித்த நடிகை. ஜூலியட்டாகவும் ஒஃபீலியாவாகவும் மேடையில் மடிந்து, திரை விழுந்ததும் எழுந்து, அடுத்த வேடத்துக்கு ஒப்பனை போட்டுக்கொண்டவர். 1811 டிசம்பரில் ரிச்மண்டில், 24 வயதில், மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தார். 'பிளாக் வீனஸ்' தொகுப்பில் (1985) உள்ள கார்ட்டரின் கதை, பிள்ளையையும் தொழிலையும் ஒருசேரச் சுமந்த அந்தப் பெண்ணைக் காட்டுகிறது. மகன் எழுதிய நாயகிகள் படுத்துக் கிடக்கிறார்கள். கார்ட்டரின் தாய் உழைத்துச் சம்பாதிக்கிறாள். போவை வெறுக்காமலே போவுக்குச் சொன்ன பதில்களில் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.