காதில் விழுந்த மொழி

1645 ஜூன் 14. மன்னருக்கும் பார்லிமென்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், இங்கிலாந்தின் நேஸ்பி களத்தில் மன்னர் முதலாம் சார்லஸின் படை சிதறி ஓடியது. துரத்திவந்த பார்லிமென்ட் படையிடம், மூட்டைமுடிச்சு வண்டிகளோடு பின்னால் நின்ற பெண்கள் அகப்பட்டார்கள். சிப்பாய்களுக்குச் சமைத்தும் துவைத்தும் போட்டு, அவர்களோடு ஊர் ஊராக நடந்த பெண்கள். குறைந்தது 100 பேரை வெட்டிக் கொன்றார்கள். இன்னும் பலருடைய முகத்தைக் கீறிவிட்டார்கள். 'ஐரிஷ்காரிகள், நீண்ட கத்தி வைத்திருந்தார்கள்' என்பதே சொல்லப்பட்ட காரணம். அவர்கள் வேல்ஸ் பெண்களாக இருக்கக்கூடும் என்றும், அவை சமையல் கத்திகள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். புரியாத பேச்சு காதில் விழுந்தது. கொல்ல அது போதுமாயிருந்தது.

ஐரிஷ், வேல்ஷ் என்ற அந்த இரு மொழிகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் மனம் கனக்கிறது. இரண்டும் கெல்டிக் குடும்பம்தான், ஆனால் பிரிந்து மிக நெடுங்காலம் ஆகிவிட்டது. மூல மொழியில் இருந்த 'க்வ' என்ற ஒலி ஐரிஷில் 'க' ஆயிற்று, வேல்ஷில் 'ப' ஆயிற்று. ஐரிஷில் மகன் 'மாக்'; வேல்ஷில் 'மாப்'. ஐந்து அங்கே 'கூயிக்', இங்கே 'பிம்ப்'. ஐரிஷ்காரரும் வேல்ஸ்காரரும் சந்தித்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இரண்டுமே தெரியாத காதுக்கோ, இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் காதில் அச்சம் ஏறியது 1641இல். அயர்லாந்தில் கத்தோலிக்கர் கிளர்ந்தெழுந்து, குடியேறிய புராட்டஸ்டன்டுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். நடந்ததே கொடுமை. லண்டனில் அச்சான பிரசுரங்களோ லட்சக்கணக்கில் மாண்டதாக எழுதின. அத்தனை புராட்டஸ்டன்டுகள் அந்தத் தீவிலேயே இல்லை. 1643 செப்டம்பரில் மன்னரின் பிரதிநிதி ஆர்மண்ட், கிளர்ச்சியாளரோடு போர்நிறுத்தம் செய்து, அங்கிருந்த துருப்புகளை மன்னருக்காக இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். 'ஐரிஷ் படை வருகிறது' என்று நாடு நடுங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? அந்தக் கிளர்ச்சியை அடக்க இங்கிலாந்திலிருந்தே போன ஆங்கிலேய புராட்டஸ்டன்டுகள்! 1644 ஜனவரியில் நாண்ட்விச் போரில் அவர்களில் ஏறத்தாழ 1,500 பேர் பிடிபட்டனர். பலர் அப்படியே எதிரணிக்கு மாறிச் சேர்ந்துகொண்டனர்.

அச்சம் மட்டும் குறையவில்லை. 1644 அக்டோபர் 24 அன்று பார்லிமென்ட் சட்டமே போட்டது: இங்கிலாந்திலோ வேல்ஸிலோ கடலிலோ பிடிபடும் ஐரிஷ்காரருக்கு உயிர்ப்பிச்சை கிடையாது.

மெய்யான ஐரிஷ் படை போய் இறங்கியது ஸ்காட்லாந்தில். 1644 கோடையில் அலஸ்டர் மக் கொல்லா தலைமையில், அயர்லாந்திலிருந்து 2,000 பேருக்குச் சற்றுக் குறைவாக மேற்குக் கரையில் இறங்கினர். அங்கே அவர்களுடைய மொழி சுவராக நிற்கவில்லை. மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியும் இவர்களுடையதும் உடன்பிறப்பு. இரு கரைப் புலவர்களுக்கும் ஒரே இலக்கிய நடை. மக் கொல்லாவே ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுக்காரர். மன்னருக்காகப் போரிட்ட மான்ட்ரோஸ் பிரபுவின் கீழ் மலைக் குடிகளும் இவர்களும் சேர்ந்த படை ஓராண்டுக்குள் 6 போர்களில் வென்றது.

அவர்கள் சண்டையிட்ட விதத்தில் நுட்பமான ஒரு கணக்கு இருந்தது. அக்காலத் திரித்துப்பாக்கியை ஒருமுறை சுட்டால், மருந்தும் குண்டும் மறுபடி கெட்டிக்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கிட்டத்தில் போய் ஒரே ஒரு வெடி. உடனே துப்பாக்கியைக் கீழே எறிந்துவிட்டு, புகையின் மறைவிலேயே வாளும் கேடயமுமாகப் பாய்ச்சல். எதிரி குண்டைக் கெட்டித்து முடிக்குமுன் வாள் கழுத்துக்கு வந்துவிடும். 'மலைநாட்டுப் பாய்ச்சல்' எனப் பின்னாளில் புகழ்பெற்ற இந்த உத்தியை வகுத்தவர் மக் கொல்லா என்றே ஆய்வாளர் சிலர் சொல்கின்றனர்.

1645 செப்டம்பர் 13, ஸ்காட்லாந்தின் ஃபிலிப்ஹா. மக் கொல்லா மலைநாட்டாரில் பலரோடு மேற்கே போயிருந்தார். காலை மூடுபனியில் எதிரணித் தளபதி டேவிட் லெஸ்லியின் குதிரைப்படை வந்து விழுந்தது. உயிர் தருவார்கள் என்று நம்பி ஐரிஷ் வீரர்கள் ஆயுதத்தைப் போட்டார்கள். லெஸ்லியோடு இருந்த மதகுருமார் அந்த வாக்கு செல்லாது என்று வாதிட்டனர். வீரர்களை நிறுத்திச் சுட்டார்கள். பாளையத்திலிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். இந்த முறை ஆள் மாறிப்போகவில்லை. அவர்கள் பேசியது ஐரிஷ்தான்.