கூண்டில் நிற்பவர் அப்பா!

அந்தியூர் - பவானி சாலையில் காலை நேரத்தில் நின்று பாருங்கள்.

பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு மொபெட் வரும். ஓட்டுகிறவனுக்கு மீசை முளைத்திராது. கால் தரையில் சரியாக எட்டாது.

அப்பாவைக் கேட்டால், "சொசைட்டி வரைக்கும்தானுங்க. பையன் நல்லா ஓட்டுவானுங்க" என்பார். குரலில் பெருமை இருக்கும்.

அந்தப் பெருமையே அவரைக் கோர்ட்டுக் கூண்டில் ஏற்றக்கூடும்!

300 சொல் கட்டுரை

19-5-2024 அதிகாலை. மராட்டிய மாநிலம் புனே நகரில் ஒரு போர்ஷே கார் பாய்ந்து வந்தது. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் என்ஜினீயர்கள் மாண்டார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். காரை ஓட்டியவன் 17 வயதுச் சிறுவன் என்றது போலீஸ்.

சிறுவர் நீதிக் குழுமம் அன்றே ஜாமீன் கொடுத்தது. விபத்துகள் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஒரு நிபந்தனை! இரண்டு உயிருக்கு ஒரு கட்டுரையா என்று நாடே கொதித்தது.

இரண்டே நாளில் சிறுவனின் தந்தை கைதானார். உரிமம் இல்லாத மகனிடம் காரைக் கொடுத்தார் என்பது அவர் மீது குற்றச்சாட்டு. பிறகு தாயும் கைதானார். மகனின் ரத்தத்துக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தார் என்றது போலீஸ். பிள்ளைப் பாசம் எந்த எல்லைக்குப் போகும், பாருங்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1-9-2019 முதல் அமலில் இருக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

போர்ஷேக்கும் மொபெட்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

16 வயதானவர் உரிமம் பெற்று ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் ஊரில் பால் கேன் சுமக்கும் இன்றைய மொபெட்டோ கிட்டத்தட்ட 100 சி.சி.!

பிடிபட்ட பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பெண் பார்க்கப் போகும்போதும் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

பையைத் திறக்கவில்லை

பிள்ளை செய்த குற்றத்துக்குப் பெற்றோர் சிறை போவார்களா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் போனார்கள்.

30-11-2021 அன்று 15 வயதுப் பையன் ஒருவன் பள்ளியில் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றான். துப்பாக்கி, நான்கு நாள் முன்பு அப்பா வாங்கியது.

அன்று காலையில்தான் பள்ளிக்கூடம் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தது. பையன் வரைந்த படத்தைக் காட்டியது. அதில் துப்பாக்கியும் ரத்தமும் இருந்தன. உதவி கேட்டு எழுதியும் இருந்தான். அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. அவன் பையைத் திறந்தும் பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

தாய் ஜெனிபர், தந்தை ஜேம்ஸ் கிரம்பிளி இருவரையும் தனித்தனியே ஜூரிகள் விசாரித்தார்கள். 2024-ல் ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அவர்கள் சுடவில்லை. ஆனால் ஆபத்து தெரிந்தும் தடுக்கவில்லை என்பதே குற்றம்.

"எனக்குத் தெரியாது!"

நம் சட்டத்திலும் தப்ப வழி உண்டு. தனக்குத் தெரியாமல் பையன் வண்டியை எடுத்தான், அல்லது தடுக்க வேண்டிய மட்டும் தடுத்தேன் என்று அப்பா நிரூபிக்க வேண்டும். அதுவரை, அவர் சம்மதத்தோடுதான் பையன் ஓட்டினான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

அந்தியூர் அப்பா கூண்டில் ஏறி, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லலாம். ஆனால் பையன் தினமும் பால் ஊற்றிய சொசைட்டிக்காரரைச் சாட்சிக்கு அழைத்தால்?