காது ஏமாறும் இடம்

கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி கனமாக விழுகிறது, பாடகரின் மூச்சுகூடக் கேட்கிறது. மற்றது சோகையாகப் படுகிறது. பணத்தை எடுக்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: இரண்டும் ஒரே சத்தத்தில்தான் பாடினவா?

ஒன்றில் சத்தம் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவாகக் கூடியிருந்தாலும் போதும். காது அதைச் சத்தம் என்று உணராது. தெளிவு என்றும் நிறைவு என்றும் எடுத்துக்கொள்ளும். 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட வரைகோடுகள் இதில் ஒரு பங்கை விளக்குகின்றன. மெல்லிய ஒலியில் கீழ்ச்சுருதி நமக்குச் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏறும்போது அது மற்றவற்றைவிட வேகமாக எழுந்து வருகிறது.

ஆகவே, கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதுபோல, கேட்பதற்கு முன் அளவைச் சேர்க்க வேண்டும். சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வோல்டேஜையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் வித்தியாசம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். மாற்றுவதும் சட்டென்று நடக்க வேண்டும். ஒலியின் நுண்மை நினைவில் சில நொடிகளே நிற்கும். வயரைக் கழற்றி மாட்டும் நேரத்தில் அது போய்விடுகிறது.

அளவு சேர்ந்தபின் பெரும்பாலான வித்தியாசங்கள் கரைந்துவிடும். கரையாமல் நிற்பதுதான் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான உண்மையான பொருத்தம். '8 ஓம்' என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20ஐத் தாண்டும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இதைப் பொருட்படுத்தாது. வால்வு ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் அந்த ஏற்ற இறக்கத்தோடு வோல்டேஜும் ஏறி இறங்கும். அதனால் ஒரே வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒரு ஸ்பீக்கரோடு குழைவாகவும் மற்றொன்றோடு குடகுடவென்றும் பாடக்கூடும். இங்கே காதை நம்பலாம்.

ஆனால் யாரும் விலைக்கு வாங்காத கருவி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி என்றால், 56 ஹெர்ட்ஸ் அலையின் பாதி அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் அந்த ஒலி பெருகும், நடுவில் ஏறக்குறைய மறையும். கீழ்ச்சுருதி நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியை நடுவிலிருந்து இரண்டடி பின்னால் இழுத்துப் பாருங்கள். காணாமற்போன தொப்பி திரும்பி வரும்.