யப்பானிய வீட்டிற் பயிலும் மொழி

பிள்ளையைப் பிறநாட்டுக்கு அனுப்புவதே பெரிய காரியம். அங்கும் மாணவர் விடுதியிலன்றி, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரின் வீட்டில், அவர்களுள் ஒருவராக விட்டுவைப்பதென்றால் எந்தத் தாயின் மனமும் சற்றுத் தயங்கவே செய்யும். ஆயினும் மொழி கற்கும் பொருட்டு இவ்வாறு அயல்நாட்டு இல்லங்களில் தங்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. அதற்கு வித்திட்டோருள், இரு உலகப் போர்களிலும் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் தொண்டர்களும் அடங்குவர். போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்ட அவர்களது சங்கம், 1947ஆம் ஆண்டில், பிறநாட்டு மாணவரை அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பகைமையை ஒழிக்க அவர்கள் தேர்ந்த கருவி மேடைப் பேச்சன்று. ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை.

நம் நாட்டிலும் யப்பானிய மொழி பயில்வோர் உளர். க.பொ.த. உயர்தரத்தில் அஃது ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுகின்றது. அவ்வாறு பயின்று, சில மாதங்களேனும் யப்பானியக் குடும்பமொன்றில் தங்கச் செல்லும் தமிழ் மாணவருக்கு அங்கே காத்திருப்பது யாது?

ஹிரகனா எழுத்து 46, கத்தகனா எழுத்தும் அவ்வளவே. இவற்றின் மேலாகப் பொதுப் பயன்பாட்டுக்கென 2010ஆம் ஆண்டில் அரசு திருத்தி வகுத்த பட்டியலில் 2,136 சீன எழுத்துகள். இவற்றோடு மல்லாடி வந்த மாணவன், அந்த வீட்டு வாயிலில் நின்றவுடன் முதலில் செய்யவேண்டியது காலணியைக் கழற்றி, அதன் முனை வாசலை நோக்கியிருக்கத் திருப்பி வைப்பதே. செருப்போடு வீட்டினுட் புகாத நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வியப்பு மறுநாட் காலையில் வரும்.

வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளை, "இத்தே கிமாஸ்" என்கின்றது. இதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? "போய் வருகின்றேன்" என்பதே! முதலிற் "போய்" என்னும் எச்சம், பின்னர் "வருகின்றேன்" என்னும் முற்று. உள்ளே இருப்பவர், "போய் வா" என்று பொருள்படும் "இத்தேரஷ்ஷாய்" என்னும் சொல்லால் விடையளிப்பார். ஆங்கிலேயன் இதைத் தன் மொழியிற் பெயர்க்கத் திண்டாடுவான். நமக்கோ அது நம் வீட்டுத் திண்ணையிற் கேட்கும் பேச்சு.

ஒற்றுமை இத்துடன் முடியவில்லை. அண்ணனுக்கு "அனி", தம்பிக்கு "ஒத்தோத்தோ", அக்காளுக்கு "அனே", தங்கைக்கு "இமோத்தோ" என மூத்தோர்க்கும் இளையோர்க்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. மூத்தோரை முறைசொல்லியும் இளையோரைப் பெயர்சொல்லியும் அழைக்கும் வழக்கமும் நம்முடையதே போன்றது. இன்னொன்று, யாழ்ப்பாணத்தார் பெருமைப்படத்தக்கது. "கொரே" என்றால் இது. "அரே" என்றால் அது. கேட்பவர் அருகில் இருப்பதைச் சுட்டுவது "சொரே". தமிழகப் பேச்சில் வழக்கொழிந்து, நம்மவர் நாவில் இன்றும் வாழும் "உது" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். "உதை இங்கே தா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு "சொரே"யை விளக்க ஆசிரியர் வேண்டுமா?

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டே பேராசிரியர் சுசுமு ஓனோ, யப்பானிய மொழியின் வேர் தமிழில் உள்ளதென வாதித்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரும் அவருடன் இவ்வாய்வில் ஈடுபட்டனர். மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்றிலர். உறவு உண்டோ இல்லையோ, வினை வாக்கியத்தின் இறுதியில் வரும் மொழியொன்றைத் தமிழ் மாணவன் தலைகீழாக நின்று கற்கவேண்டியதில்லை என்பது மட்டும் உறுதி.

ஆனால், இந்தத் துணை ஓரளவுக்கே. நாமும் "வா" என்றும் "வாருங்கள்" என்றும் பிரித்தறிவோம். யப்பானியரோ, "மழை பெய்கின்றது" என்று கூறும்போதுகூட, கேட்பவர் யார் என்று பார்த்தே வினைமுற்றை அமைப்பர். வகுப்பிற் கற்பது பெரும்பாலும் மரியாதை வடிவம். வீட்டிற் காதில் விழுவதோ நெருங்கியோர் பேசும் வெறும் வடிவம். வீட்டுத் தாயார் தன்னிடம் பேசியதை அவ்வாறே மறுநாள் ஆசிரியரிடம் ஒப்பிக்கும் மாணவன் மரியாதையறியாதவன் ஆவான். தாயை "ஒகாசன்" என்று அழைக்கலாம். பிறரிடம் தன் தாயைப் பற்றிக் கூறும்போதோ "ஹஹா" எனல் வேண்டும். ஒசாக்கா நகரத்து வீடாயின் இன்னுமொரு சிக்கல்: "கூடாது" என்பதற்குப் புத்தகம் "தமே" என்கும், பாட்டியார் "அக்கன்" என்பார். பாட்டியாரிடமே கற்பது நல்லது என்பது என் கருத்து. அவருக்கு ஓய்வு உண்டு. பெரும்பாலும் ஆங்கிலம் வராது.

பேசாத பேச்சும் உண்டு. ஒன்றைக் கேட்டதும், "சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிடுவர். "கொஞ்சம்" என்பது சொற்பொருள். "இயலாது" என்பதே கருத்து. அவர்கள் பேசும்போது வாய்மூடிக் கேட்டிருப்பதும் ஆகாது; இடையிடையே உம் கொட்டவேண்டும். அதற்கு "அயிசுச்சி" என்று பெயர். கொல்லன் உலையில் இருவர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து பிறந்த சொல்லாம். கதை சொல்லும் பாட்டிக்கு உம் கொட்டிய நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலையன்றோ!

குளியலிலும் கவனம் வேண்டும். வெளியே உடலை நன்கு கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் அமரவேண்டும். அதே நீரில் வீட்டார் யாவரும் முறையே அமர்வராதலின், எழுந்ததும் நீரைத் திறந்துவிடலாகாது. மரக்கறி உண்போர் வீடுகளிற் பெற்றோர் கவலை உணவைப் பற்றியதாகவே இருக்கும். அக்கவலை நியாயமானது. காய்கறி மட்டுமே மிதக்கும் சாற்றிலும் உலர்மீன் வடித்த "தாஷி" கலந்திருப்பது வழக்கம். "மீன் உண்ணேன்" என்றால் மீன் துண்டை மட்டும் விலக்கித் தருவர். ஆகவே, "கொம்பு" என்னும் கடற்பாசியிலும் காளானிலும் வடித்த சாறு போதும் என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்தல் வேண்டும். (நம் ஊர்க் கொம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) சோற்றிற் குச்சியை நட்டுவைப்பது அங்கே இறந்தோர்க்குப் படைக்கும் முறை, மறந்தும் செய்யலாகாது.

இவ்வளவும் அறிந்து சென்றும் மொழி வராமல் திரும்புவோர் உண்டு. காரணம் இரண்டு. ஒன்று, விருந்தாளியாகவே இருந்துவிடுதல். உபசாரத்தை ஏற்று, நன்றி கூறி, அறைக்குட் சென்று கதவை அடைப்பவனுக்கு நூறு சொற்களுக்கு மேல் தேவைப்படுவதில்லை. கோப்பை கழுவவும், குப்பையை வகைபிரித்து உரிய நாளில் வெளியே வைக்கவும் கையைக் கொடுப்பவனுக்கே ஏவலும் விலக்கும் கேலியும் கண்டிப்பும் காதில் விழும். இருபது வயதில், தாய்மொழியில் நாவன்மையுள்ள ஒருவர், ஐந்து வயதுக் குழந்தையினும் குறைவாகப் பேசி அக்குழந்தையாலேயே திருத்தப்படுவது எளிதன்று. அந்த நாணத்தைப் பொறுக்கமாட்டாமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டால் வீட்டாரும் அன்பு காரணமாக ஆங்கிலத்துக்கே மாறிவிடுவர். வந்த நோக்கம் அன்றே கெட்டது.

மற்றக் காரணம் நாமே. முன்னாளிற் கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆயிற்று. இன்று கைபேசியில் முகம் பார்த்து நாள்தோறும் பேசுகின்றோம். யப்பானிய நேரம் நமக்கு மூன்றரை மணி முந்தியது. நாம் மாலை நான்கு மணிக்கு ஆவலோடு அழைக்கும்போது அங்கே ஏழரை மணி. வீட்டார் கூடியிருந்து உண்டு, அன்றைய கதை பேசும் வேளை. பிள்ளை அப்போது எழுந்து மூலைக்குச் சென்று தமிழிற் பேசிக்கொண்டிருந்தால், எதற்காக அனுப்பினோமோ அதையே நாம் பறித்தவராவோம். கிழமைக்கு ஒரு முறை, அதுவும் அவர்களுடைய ஞாயிறு முற்பகலில், என்று பயணத்துக்கு முன்னரே பிள்ளையோடு பேசி முடிவுசெய்துகொள்க.